அலைமேல் ஓர் ஊர் அமைக்க இயலுமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

திசையன்விளையிலிருந்து சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரத்திற்குள் உவரிக் கடற்கரையை அடைந்துவிடலாம். அங்கே கப்பல் மாதா கோயில் இருக்கிறது. கப்பல் வடிவில் கட்டப்பட்ட அந்தக் கோயிலைப் பார்க்கும் சிறு குழந்தைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இந்தக் கப்பல் கடலில் போகுமா?" பெரியவர்கள் சிரிப்பார்கள். நானும் சிறு வயதில் அதைக் கேட்டுச் சிரிப்பு வாங்கியவள்தான்.

இவ்வாண்டு மறுபடியும் அப்படி ஒரு கேள்வி எழுந்தது. எங்கள் வகுப்பில் கடலோர ஊர்களிலிருந்து வந்து படிக்கும் தோழியர் பலர் உண்டு. அவர்களுள் ஒருத்தி, "என் பாட்டி காலத்தில் எங்கள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் இரண்டு தெரு இருந்ததாம். இப்போது ஒரு தெரு கூட இல்லை. கரை போய்க்கொண்டே இருந்தால் நாங்கள் எங்கே போவோம்? கடல் மேலேயே வீடு கட்டிக்கொள்ள முடியாதா, டீச்சர்?" என்று அறிவியல் வகுப்பில் கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை. "முடியுமா முடியாதா என்று கணக்குப் போட்டுப் பார்த்து யாராவது எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அப்படி எழுந்ததே இக்கட்டுரை.

மிதக்கும் வீடுகள் புதியவையா?

அன்புத் தோழியரே, நீர்மேல் குடியிருப்பது மனிதனுக்குப் புதிதன்று. காஷ்மீரத்துத் தால் ஏரியில் படகு வீடுகள் இருக்கின்றன. மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் செடி கொடிகளும் மண்ணும் மக்கிச் சேர்ந்த 'பும்டி' என்னும் மிதக்கும் திட்டுகள் மீது மீனவர் குடிசை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் மழைக்காலத்தில் நீர்மட்டம் பல மீட்டர் உயரும். அங்குள்ள மிதக்கும் கிராமங்களும் நீரோடு சேர்ந்து உயரும். பள்ளிக்கூடம் கூட மிதக்கும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கான்கிரீட் தொட்டிகளின் மேல் கட்டிய வீடுகளில் மக்கள் வசிக்கிறார்கள்.

ஆனால் இவையெல்லாம் ஏரியிலோ கால்வாயிலோ அணைக்குள் அடங்கிய நீரிலோ இருப்பவை. திறந்த கடல் வேறு. கடலில் இதற்குச் செய்த பெரிய முயற்சிகளுள் ஒன்று ஜப்பானில் நடந்தது. 1975-ஆம் ஆண்டு ஓகினாவாவில் நடந்த கடல் கண்காட்சிக்காகக் கியோனோரி கிகுடாகே என்னும் கட்டடக் கலைஞர் 'அக்வாபோலிஸ்' என்ற மிதக்கும் நகர மாதிரியை வடிவமைத்தார். அது ஏறக்குறைய 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட எஃகுத் தளம். காண வந்த மக்கள் வியந்தனர். ஆனால் யாரும் குடியேறவில்லை. 2000-ஆம் ஆண்டில் அது பழைய இரும்பாக இழுத்துச் செல்லப்பட்டது.

நம் அண்டை நாடான மாலத்தீவில் தரை சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமே. அங்கே தலைநகர் மாலேக்கு அருகில், பவளத் திட்டுகள் சூழ்ந்த உப்பங்கழியில் 5,000 வீடுகள் கொண்ட மிதக்கும் நகரம் ஒன்றை அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. தென் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் 12,000 பேர் வாழத்தக்க மிதக்கும் குடியிருப்பின் வரைபடம் 2022 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபையில் காட்டப்பட்டது. ஆகவே என் தோழி கேட்டது சிரிக்க வேண்டிய கேள்வியன்று. உலகம் முழுவதும் அறிஞர்கள் கேட்கிற கேள்விதான். அப்படி ஓர் ஊருக்கு என்னென்ன தேவை என்பதை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் தேவை: மூழ்காமை

சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு நீரின் எடை அதை மேலே தள்ளுகிறது. 1 கன மீட்டர் நல்ல நீரின் எடை 1,000 கிலோ. கடல் நீரின் எடை ஏறக்குறைய 1,025 கிலோ. உப்பு இருப்பதால் கடல் நம்மைச் சற்றுக் கூடுதலாகவே தாங்குகிறது.

ஒரு சிறு குடும்ப வீட்டிற்குக் கணக்குப் போடுவோம். அடித்தளம் 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள மூடிய கான்கிரீட் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 120 சதுர மீட்டர். இது 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 1.2 கன மீட்டர் கடல்நீரை விலக்கும்; அதாவது 1.23 டன் பாரத்தைத் தாங்கும். ஒருவர் எடை 60 கிலோ என்றால் 20 பேர் ஏறினாலும் வீடு 1 சென்டிமீட்டர்தான் இறங்கும்! ஆனால் 10,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் 8 சென்டிமீட்டர் இறங்கிவிடும். பெட்டி, சுவர், கூரை, தொட்டி, சாமான்கள் யாவும் சேர்ந்து 123 டன் இருந்தால் 1 மீட்டர் அமிழ்ந்து, ஒன்றரை மீட்டர் நீருக்கு மேலே நிற்கும்.

பெட்டியில் ஓட்டை விழுந்தால்? ஒரே பெட்டியாக இருந்தால் கதை முடிந்தது. ஆகவே உள்ளே பல அறைகளாகத் தடுக்க வேண்டும். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் அறைகள் இருந்தன. ஆனால் தடுப்புச் சுவர்கள் போதிய உயரம் எழுப்பப்படாததால் ஓர் அறை நிரம்பி அடுத்த அறைக்குள் நீர் வழிந்தது. இதைவிட நல்ல வழி, பெட்டிக்குள் தெர்மோகோல் போன்ற இலேசான பொருளை நிரப்பிவிடுவது. அப்போது நீர் புக இடமே இராது.

இவ்விடத்தில் நம் கட்டுமரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தோழியின் தாத்தா வாழ்நாளெல்லாம் கட்டுமரம் ஏறியவர். அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, "மக்கா, கட்டுமரம் ஏன் மூழ்காது தெரியுமா? அதுக்குள்ள தண்ணி வரும், போகும், தங்காது. தங்குனாத்தான் பயம்" என்றார். தெர்மோகோல் அடைத்த பெட்டியின் தத்துவமும் அதுவே. கரைக்கு வந்ததும் மரங்களைக் கட்டவிழ்த்துக் காயப் போடுவார்களாம். ஈரம் ஊறினால் மரம் கனத்துவிடும். அறிஞர்கள் இன்று காண்பதை நம் கடற்கரை எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கண்டிருக்கிறது.

இரண்டாம் தேவை: கவிழாமை

மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு. வீட்டில் ஒரு தொட்டி நீரில் பித்தளைத் தாம்பாளத்தையும் உயரமான எவர்சில்வர் தம்ளரையும் மிதக்கவிட்டுப் பாருங்கள். தம்ளர் உடனே சாய்ந்து நீர் மொண்டு மூழ்கும். தாம்பாளம் அகன்றிருப்பதால் நிலையாக நிற்கும். தம்ளரின் அடியில் ஈயக் குண்டு போட்டால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, அடித்தளம் அகலமாக இருக்க வேண்டும். இரண்டு, பாரம் கீழே இருக்க வேண்டும். கூரை இலேசாக இருக்க வேண்டும்.

இவ்விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் லாகோஸ் நகரம் சாட்சி. அங்கு மகோகோ என்னும் நீர்மேல் குடியிருப்பில் 2013-இல் ஒரு மிதக்கும் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 256 பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் மூன்றடுக்கு மரக் கட்டடம். உலகமே புகழ்ந்தது. 2016 ஜூன் மாதத்தில் பெய்த கனமழையிலும் காற்றிலும் அது சரிந்து விழுந்தது. நல்ல வேளையாக அப்போது உள்ளே பிள்ளைகள் இல்லை. உயரமும் காற்றும் சேர்ந்தால் ஆபத்து என்பதையும், மிதக்கும் கட்டடத்துக்கு ஓயாத பராமரிப்பு தேவை என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

விவிலியத்தில் நோவாவின் பேழைக்குச் சொல்லப்படும் அளவையும் இங்கே பார்க்கலாம். நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். உயரத்தைவிட அகலம் பெரிது. அகலத்தைப் போல் ஆறு மடங்கு நீளம். உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டது. இன்றும் தூத்துக்குடியில் மரத்தோணி கட்டுபவர்கள் பலகைச் சந்துகளில் பஞ்சை அடித்துக் கலப்பத்துச் செய்து நீர் புகாமல் காக்கிறார்கள்.

மூன்றாம் தேவை: அலையைத் தாங்குதல்

இதுவே எல்லாவற்றிலும் கடினமான பாடம். ஆழ்கடலில் அலையின் நீளத்தைக் காண எளிய வழி உண்டு. ஓர் அலை முகடு வந்து அடுத்த முகடு வரும்வரை எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.56-ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 6 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஏறக்குறைய 56 மீட்டர். 15 விநாடிக்கு ஓர் அலை என்றால் 350 மீட்டர்!

நம் 12 மீட்டர் வீடு 350 மீட்டர் அலைமீது தேங்காய் நெற்றுப் போல மெல்ல ஏறி இறங்கும். உடையாது, ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டும். 56 மீட்டர் அலை செங்குத்தானது. அதில் வீடு முன்னும் பின்னும் ஆடும். இரண்டு வீடுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒன்று முகட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருக்கும்போது இணைப்பு முறியும். ஆகவே ஊர் என்று அமைக்கும்போது வீடுகளுக்கு இடையே வளைந்து கொடுக்கும் இணைப்புகள் வேண்டும்.

அலையை வெல்ல மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அலை வராத இடத்தைத் தேர்ந்தெடுப்பது. மாலத்தீவில் பவளத் திட்டே அலைதாங்கிச் சுவராக இருக்கிறது. இரண்டாவது, ஊரைச் சுற்றி அலைதடுப்புச் சுவர் கட்டுவது. இதற்குச் செலவு மிகுதி. மூன்றாவது, தளத்தைத் தூண்களின் மேல் உயர்த்தி, மிதக்கும் பகுதியை ஆழத்தில் வைப்பது. அலையின் ஆட்டம் கீழே போகப் போகக் குறைந்து, அலைநீளத்தில் பாதி ஆழத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். எண்ணெய் தோண்டும் மிதவைத் தளங்கள் பலவும் அக்வாபோலிஸும் இம்முறையில் அமைந்தவையே.

நம் கரைக்கு வரும் அலைகளில் ஒருவகை மிகவும் வஞ்சகமானது. இங்கே காற்றே இராது, வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் கரையேறும். அதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் எழுப்பிய நீண்ட அலைகள் அவை. நாம் வீடு கட்டும் இடத்தில் மட்டும் வானிலை பார்த்தால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

ஆழிப்பேரலையோ வேறு விதம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த அந்த அலை ஆழ்கடலில் 1 மீட்டர் உயரம் கூட இல்லை. கரையருகே ஆழம் குறைந்ததும்தான் எழுந்து நின்றது. ஆழ்கடலில் மிதக்கும் ஊருக்கு ஆழிப்பேரலையால் ஆபத்துக் குறைவு. கரையருகே மிதக்கும் ஊருக்கோ அதுவே பேராபத்து.

நான்காம் தேவை: ஓரிடத்தில் நிற்றல்

கட்டில்லாத வீடு நீரோட்டத்தோடு போய்விடும். ஆகையால் நங்கூரம் தேவை. நங்கூரக் கயிறு நேர் கீழாக இருந்தால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். ஆழத்தைப் போல் பல மடங்கு நீளம் விட்டால்தான் அது தரையில் கிடந்து பிடிக்கும். ஆழம் குறைந்த இடங்களில் தரையில் தூண் நட்டு, வீட்டை வளையத்தால் அதில் மாட்டிவிடலாம். ஏற்றவற்றத்துக்கு ஏற்ப வீடு தூணை ஒட்டியே ஏறி இறங்கும். நெதர்லாந்தில் இம்முறை உண்டு. நம் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்குவதால் இது எளிது.

ஆழ்கடலில் நங்கூரமிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் தூத்துக்குடிக் கடலே பாடம் சொல்லும். மேலே வெதுவெதுப்பாகவும் ஆழத்தில் குளிர்ச்சியாகவும் உள்ள கடல்நீரின் வெப்ப வேறுபாட்டிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் எடுக்க, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'சாகர் சக்தி' என்னும் மிதவையைக் கட்டியது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயை அதிலிருந்து கடலுக்குள் தொங்கவிட வேண்டும். அந்தக் குழாயை இறக்கி நிறுத்தும் முயற்சி கைகூடவில்லை. ஆனால் கற்ற பாடம் வீண்போகவில்லை என்பதை அடுத்த பகுதியில் காண்போம்.

ஐந்தாம் தேவை: குடிநீர்

சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு சொட்டு இல்லை என்பதே கடலின் வேடிக்கை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. கிராமங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் தர வேண்டும் என்பது அரசு வகுத்த அளவு. 100 பேர் கொண்ட மிதக்கும் ஊருக்கு 5,500 லிட்டர் வேண்டும். மழைநீரைக் கூரையில் பிடிக்கலாம். ஆனால் தேரிக்காட்டில் வாழும் நமக்கு மழையை நம்புவது எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

மேலே சொன்ன தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தாரே 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் இதற்கு ஓர் அழகிய வழி கண்டனர். காற்றழுத்தத்தைக் குறைத்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? காற்றை வெளியேற்றிய ஒரு கலத்துக்குள் 28 டிகிரி உள்ள கடல் மேற்பரப்பு நீரை விடுகிறார்கள். அடுப்பே இல்லாமல் அது ஆவியாகிறது. 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே வரும் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர்! 2007-இல் சென்னைக்கு அப்பால் ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில், 1,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் நங்கூரமிட்ட மிதவை ஒன்றில் நாளுக்கு 10 இலட்சம் லிட்டர் எடுக்கும் சோதனையும் வெற்றி பெற்றது. கைகூடாத முயற்சியில் கற்றது பின்னர் கைகொடுத்தது.

ஆறாம் தேவை: மின்சாரமும் பாதுகாப்பான அடுப்பும்

நம் வீட்டின் கூரை 120 சதுர மீட்டர். அதில் ஏறக்குறைய 20 கிலோவாட் சூரியத் தகடுகள் பதிக்கலாம். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 80 யூனிட் வரை கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். நீரின்மேல் மிதக்கும் சூரிய மின்நிலையம் ஒன்று 2022 முதல் தூத்துக்குடியிலேயே உள்ளது. காற்றாலைகளோ நம் ஊரைச் சுற்றிக் காடாக நிற்கின்றன. அலையிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம்; 1991-இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலை மின்நிலையம் அமைத்தார்கள். பின்னர் அது நிறுத்தப்பட்டது. கடலின் அடியையும் உப்பையும் தாங்கும் எந்திரம் செய்வது எளிதன்று.

நீர்மேல் வீட்டுக்கு நெருப்புப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பரில் தால் ஏரியில் தீப்பிடித்துப் படகு வீடுகள் பல எரிந்தன, மூவர் உயிரிழந்தனர். மர வீட்டில் இருந்து ஓடித் தப்பிக்கத் தெரு இல்லை. ஆகவே சமையலறை தனியாகவும், வீடுகள் இடைவெளியோடும், ஒவ்வொரு வீட்டிலும் தப்பிக்க ஒரு சிறு வள்ளமும் இருக்க வேண்டும்.

ஏழாம் தேவை: கெடாத பொருள், கெடுக்காத வாழ்வு

கடல் எதையும் சும்மா விடாது. மரத்தை ஒருவகைப் புழு துளைக்கும். இரும்பு துருப்பிடிக்கும். கொட்டலசு அடியில் ஒட்டிக் கனம் கூட்டும். இரும்பைக் காக்கத் துத்தநாகக் கட்டிகளை அதனோடு இணைத்து வைப்பார்கள்; துத்தநாகம் இரும்பைவிட விரைந்து வினைபுரிவதால் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். 'தான் தேய்ந்து பிறரைக் காக்கும்' உலோகம் என்று எங்கள் டீச்சர் சொல்வார்கள். 2004-க்குப் பின் நம் கரையில் மரத்துக்குப் பதிலாகப் பைபர் வள்ளங்கள் பெருகிவிட்டன. ஆனால் பெரிய தளத்துக்குக் கான்கிரீட்டே ஏற்றது என்பர்.

நம்மைக் கடல் கெடுப்பதைவிடக் கடலை நாம் கெடுப்பது எளிது. தால் ஏரியிலும் வேம்பநாட்டுக் காயலிலும் படகு வீடுகளின் கழிவு நீரைப் பாழ்படுத்திவிட்டது. ஆகவே கழிவறைத் தொட்டியும், சுத்திகரிப்பும் முதல் நாளே இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்பது கூடாது. மேலும், பெரிய தளம் நிழல் விழுத்தினால் அடியில் உள்ள கடற்புல்லும் பவளமும் ஒளியின்றி மடியும். மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்தில் அலை குறைந்த இடம் என்று பார்த்தால் அத்தீவுகளின் ஓரம்தான் கண்ணில் படும். ஆனால் அங்கே எதையும் மிதக்கவிட இயலாது, விடவும் கூடாது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருள் மறைந்துவிட்டன.

எட்டாம் தேவை: சட்டம்

கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணுகிறோம். அது சரியன்று. 1982-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்நாட்டின் எல்லை. 200 கடல் மைல் வரை செயற்கைத் தளம் அமைக்க அந்நாட்டின் அனுமதி வேண்டும். செயற்கைத் தீவு ஒரு நாடாகவும் ஆகாது. 2019-இல் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு அப்பால் ஒரு தம்பதியர் சிறு மிதவை வீட்டில் குடியேறினர். அந்நாட்டுக் கடற்படை அதைக் கரைக்கு இழுத்து வந்துவிட்டது.

தாத்தா சொன்ன ஒன்பதாம் தேவை

இந்த எட்டையும் எழுதி முடித்துத் தோழியின் தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். வலை பின்னிக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரிதான். ஒண்ணு விட்டுட்டியே" என்றார். "என்ன தாத்தா?" என்றேன்.

"நான் கடலுக்குள்ள போனா, மணப்பாட்டு விளக்கையும் கோயில் கோபுரத்தையும் அடையாளம் வச்சுத்தான் திரும்புவேன். வீடுன்னா திரும்பி வர்ற இடம். அந்த மிதக்குற ஊருக்கு நேரம் சரியில்லேன்னா யாரு சொல்லுவா? சொன்னா, எங்க திரும்பி வருவாக?"

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்னது 2017 நவம்பர் 30-ஆம் நாளை. ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கு அருகே மிக விரைவாக உருவாகிக் கடந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் கைப்பேசி வேலை செய்யாது. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் மனிதரை இழந்தன. அப்போது நாங்கள் சிறு பிள்ளைகள். தோழியின் தந்தை ஐந்தாம் நாள் வேறொரு துறைமுகத்தில் கரையேறினார் என்று அன்றுதான் எனக்குச் சொன்னாள். அந்த ஐந்து நாட்களும் அவள் அம்மா அடுப்பு மூட்டவில்லையாம்.

ஆகவே ஒன்பதாம் தேவை, கரையோடு அறாத தொடர்பு. இன்று செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலிலும் எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்துள்ளன. மிதக்கும் ஊரில் அவை முதலில் இருக்க வேண்டும். மீனவர் வள்ளங்களிலோ ஒன்று விடாமல் இருக்க வேண்டும்.

முடிவுரை

தோழியரே, முடியுமா முடியாதா என்று டீச்சர் கேட்டார்கள். என் விடை இது. கணக்குப்படி மிதக்கும் வீடு கட்டலாம். குடிநீரும் மின்சாரமும் தரலாம். அலை அடங்கிய உப்பங்கழியில் ஊரே அமைக்கலாம். ஆனால் உவரி போன்ற திறந்த கரையில், கச்சான் காற்றும் கள்ளக்கடலும் வரும் இடத்தில், அதற்கு ஆகும் செலவில் ஒரு கரையையே காத்துவிடலாம். நிலத்தில் ஒரு தெருவை இழந்தவர்களை, அதைவிட ஆபத்தான இடத்திற்குப் போகச் சொல்வது நியாயமன்று.

எனினும் ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 10 இலட்சம் லிட்டர் நன்னீர் தந்த மிதவையை 1,000 மீட்டர் ஆழத்தில் நிறுத்தத் தெரிந்த நம் நாட்டவர், பல நாள் தங்கி மீன்பிடிப்போர் செல்லும் கடலில் தஞ்சத் தளங்கள் சிலவற்றை நிறுத்த முடியாதா? அதில் குடிநீர், மருந்து, ஒரு விளக்கு, கரையோடு பேச ஒரு கருவி, அவ்வளவு போதும். அலைமேல் அமையும் முதல் ஊர் குடியிருப்பதற்காக இராமல், உயிர் பிழைத்து வீடு திரும்புவதற்காக இருக்கட்டும்.

இதைத் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா எங்க தெருவுக்கு நீ இன்னும் பதில் சொல்லலியே" என்றாள். உண்மைதான். அதற்கு விடை இன்னும் என்னிடம் இல்லை. அவள் பொறியியல் படிக்கப் போகிறாளாம். அடுத்த ஆண்டு மலரில் அவளே எழுதட்டும்.